மூன்று மாதக் கையெழுத்தை ஒரே நாளில் போடலாமா?

கேள்வி: என் ஊர் கோபிசெட்டிபாளையம். கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், மத்திய அரசு நிதியில் நடக்கும் மஞ்சள் பயிர் நோய் ஆராய்ச்சித் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப்.பாக, அதாவது இளநிலை ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். பிஎச்.டி.யும் அதே சாரிடம்தான். ஜூன், ஜூலையில் பாதி நாள் அட்மிஷன் வேலை, ஆகஸ்டில் நாக் (பல்கலைக்கழகத் தர மதிப்பீடு) கோப்பு வேலை என்று போய்விட்டது. இப்போது ஆடிட் வருகிறது. மூன்று மாத டைம் ஷீட்டை மொத்தமாகக் கொடுத்து, “எல்லா நாளும் புராஜெக்ட்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுரும்மா” என்கிறார் சார். “சார் சொன்னா போட்டுட்டு வா கண்ணு” என்கிறார் அம்மா. அமெரிக்காவில் படிக்கும் தோழியோ, அங்கே இதற்கெல்லாம் வழக்கே வரும் என்கிறாள். என்ன செய்யட்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்குப் போனதை எழுதலாமா?

பதில்: போடாதீர்கள், அம்மணி. நடக்காத வேலையை நடந்ததாக எழுதி உங்கள் பெயரைப் போடாதீர்கள். அதற்காக சாரைக் கெட்டவராக நினைக்கவும் வேண்டாம். பல துறைகளில் ஆள் கிடையாது. அட்மிஷன் வந்தால் கண்ணில் படுகிற ஆளை இழுத்து உட்கார வைப்பார்கள். அந்த நாட்களை மறைத்து எழுதும்போதுதான் அது பெரிய விவகாரமாகிறது.

உங்கள் கையெழுத்துக்கு என்ன கனம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாருடைய சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. உங்களுடையது முழுக்கத் திட்டப் பணம். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப்.புக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி. நீங்கள் வேலைக்கு வந்ததாக சார் மாதாமாதம் எழுதிக் கொடுத்தால்தான் பில் பாஸாகும். அந்தச் செலவு வருடக் கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழில், யு.சி. என்று நாம் சொல்கிறோமே, அதில் ஏறும். பொது நிதி விதிகள் 2017-இல் 12-ஏ என்ற படிவம். எதற்காகப் பணம் தந்தார்களோ அதற்கே செலவானது, நான் சரிபார்த்தேன் என்று அதில் பொறுப்பானவர்கள் உறுதி சொல்கிறார்கள். சி.ஏ.ஜி. எனும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கையும் வரலாம். அத்தனை பேருடைய உறுதிக்கும் அடியில் ஆதாரமாக இருப்பது உங்கள் டைம் ஷீட்.

பொய் வெளிப்படுவது பெரும்பாலும் சின்ன இடத்தில்தான். ஒரு தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். டைம் ஷீட்டில் ‘ஆய்வகம், மாதிரிப் பரிசோதனை’ என்று இருக்கும். அதே தேதிக்கு சிவகிரி வயலுக்குப் போய்வந்த பயணப்படி பில் இருக்கும். அட்மிஷன் கமிட்டியின் பணிப் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்கும். மூன்று தாள் மூன்று விதமாகப் பேசும். போதாக்குறைக்கு, மூன்று மாதக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் வரிசையாக இறங்கியிருக்கும். அனுபவப்பட்ட தணிக்கையாளருக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டினாலே போதும்.

தோழி சொன்னது உண்மை. அமெரிக்க மத்திய அரசு மானியங்களில் பேராசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கையும் மானியத்தில் எழுத முடியும் என்பதால், அங்கே இந்த விஷயம் இன்னும் கடுமை. திட்டத்துக்கு இத்தனை சதவீத உழைப்பு என்று பட்ஜெட்டில் போட்டதை மட்டும் ஆதாரமாகக் காட்ட முடியாது. செய்த வேலையைப் பதிவு காட்ட வேண்டும், ஒருவர் சம்பளம் வாங்கிச் செய்யும் எல்லா வேலையும் சேர்ந்து 100 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். கோடை மாதங்களில் வேறு வேலையும் பார்த்துவிட்டு முழு நேரமும் மானிய வேலை என்று எழுதினார்கள் என்பது யேல் பல்கலைக்கழகத்தின் மீது வந்த புகார்களில் ஒன்று. 2008-இல் 76 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள். உங்கள் கதையும் ஏறக்குறைய அதே கதைதான், பாருங்கள்.

ஆனால் அதே அமெரிக்க விதி இன்னொன்றும் சொல்கிறது: பல்கலைக்கழகத்தில் கற்பித்தலும் ஆராய்ச்சியும் நிர்வாகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், நிமிடக் கணக்கை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஐரோப்பா திட்டங்களில் மணிக்கணக்கே வேண்டாம். வருடத்துக்கு 215 நாள் என்று வைத்துக்கொண்டு, திட்டத்துக்கு எத்தனை நாள் உழைத்தோம் என்று மாதத்துக்கு ஒரு தாளில் எழுதி, வேலை செய்தவரும் மேலே இருப்பவரும் கையெழுத்திட்டால் போதும். நாள் கணக்கு, அரை நாள் கணக்கு உங்களுக்கும் தாராளமாகப் போதும்.

துறை வேலை பார்த்ததே குற்றம் என்றும் பயப்படாதீர்கள். பிஎச்.டி. மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை டுடோரியல், ஆய்வக வகுப்பு, விடைத்தாள் திருத்துவது போன்ற வேலை தரலாம் என்று யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிமுறையே சொல்கிறது. அட்மிஷன் மேஜையில் வாரக்கணக்கில் உட்கார்வதை அதில் சேர்க்க முடியாது. அதை சார்தான் பல்கலைக்கழகத்திடம் பேசித் தீர்க்க வேண்டும், நீங்கள் பொய் எழுதி அல்ல.

இனி அந்த மூன்று மாதம். அன்றன்றைக்கு எழுதியது போல இப்போது நிரப்பாதீர்கள். தனித் தாளில், ‘பின்னர் தொகுத்தது’ என்று தலைப்பிட்டு, இன்றைய தேதியில் எழுதுங்கள். போனில் எடுத்த வயல் படங்களில் தேதி இருக்கும். மாதிரிப் பைகளின் லேபிள், பயணப்படி பில், அனுப்பிய மெயில், அட்மிஷன் பணிப் பட்டியல் எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆதாரமும் சிக்காத நாளுக்கு ‘தோராயம்’ என்று வெளிப்படையாகப் போடுங்கள். வரும் நாட்களுக்கு ஒரு நோட்டு போதும், இந்த மாதிரி:

‘12, வியாழன். காலை 8 முதல் 1: சிவகிரி வயல், இலைப்புள்ளி மாதிரி, பை எண் 31 முதல் 42. மதியம் 3 முதல் 5: நாக் கோப்பு. புராஜெக்ட் முக்கால் நாள், துறை கால் நாள்.’

இரண்டு நிமிட வேலை. ஆனால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாதக் கடைசியில் சாரிடம் காட்டிச் சுருக்கொப்பம் வாங்கிவிடுங்கள்.

சாரிடம் எப்படிப் பேசுவது? கூட்டத்தில் வேண்டாம். தனியாக, தொகுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். “சார், ஆடிட்ல கேட்டா நானும் பதில் சொல்லோணுமுங்க. அட்மிஷன் பார்த்த நாளெல்லாம் கமிட்டி லிஸ்ட்ல இருக்குதுங்க. இருக்கறத இருக்கறபடி போட்டுட்டா உங்களுக்கும் சிக்கல் இல்லீங்க” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான சார்மார் இந்த இடத்தில் இறங்கி வருவார்கள், ஏனென்றால் யு.சி.யில் முதலில் மாட்டுவது அவர்கள் கையெழுத்து. அப்படியும் மறுத்தால், தொகுத்த தாளை மெயிலில் அவருக்கே மரியாதையாக அனுப்பி வையுங்கள். அதன்பின்பும் அழுத்தினால் பல்கலைக்கழக ஆராய்ச்சி டீனிடம் போகலாம்.

அம்மா சொல்வதில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. பட்டம் சார் கையில் என்று நினைக்கிறார். அவர் கையில் மட்டும் இல்லை. யு.ஜி.சி. விதிப்படி செமஸ்டருக்கு ஒருமுறை ஆராய்ச்சி ஆலோசனைக் குழு முன் உங்கள் முன்னேற்றத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதம் ஏன் வேலை நகரவில்லை என்று அங்கே கேட்டால், பொய் டைம் ஷீட் உங்களைச் சோம்பேறியாக்கிவிடும். உண்மையான நோட்டு இருந்தால் அட்மிஷன் பார்த்த நாட்களைக் காட்டலாம். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளைக் கட்டாயம் எழுதுங்கள். நோய் ஞாயிறு பார்த்து நிற்பதில்லை, நீங்களும் நின்றிருக்க மாட்டீர்கள். அந்த வயல்காரரிடம் வருகைக் குறிப்பில் ஒரு கையெழுத்து வாங்கி வைத்தால் இன்னும் நல்லது. ஆனால், எட்டு ஞாயிறு வந்தேன், அதனால் எட்டு அட்மிஷன் நாள் கழிந்தது என்று நீங்களாகக் கணக்கை நேர் செய்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஈடு கட்டலாமா என்பதை சாரும் நிதிப் பிரிவும் எழுத்தில் முடிவு செய்யட்டும்.