பழவேற்காட்டுச் சேற்றில் மிதக்க

அன்புள்ள ஐயா,

தடா பக்கம் ஏரிக்கரை ஊரில் பம்ப்செட் மெக்கானிக்காக இருக்கிறேன். சித்திரை, வைகாசியில் ஏரி வற்றிவிட்டால் படகும் போகாது, சேற்றில் நடக்கவும் முடியாது. இரண்டு பேர் போகிற மாதிரி ஒரு ஹோவர்கிராஃப்ட் (அடியில் காற்றை ஊதி, அந்தக் காற்று மெத்தை மேல் மிதந்து போகும் வண்டி) கட்ட ஆசை. பழைய மாருதி 800 எஞ்சின் ஒன்று கிடைக்கிறது, போதுமா? காற்று வெளியே போகாமல் வண்டியைச் சுற்றிக் கீழே கட்டும் துணிப் பாவாடையை ஒரே டியூபாகத் தைப்பதா, தனித்தனிப் பைகளாக விரல் விரலாகத் தைப்பதா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'பாவாடை' நல்ல சொல். நானும் அப்படியே சொல்கிறேன். முதலில் அதைத்தான் முடிவு செய்ய வேண்டும், எஞ்சினை அல்ல. உங்கள் ஏரிச் சேற்றில் கிடக்கும் சிப்பி ஓடுதான் காரணம். நான் முதலில் டியூப் பாவாடைதான் தைத்தேன். தைக்க எளிது, ஒரே நாள் வேலை. இரண்டாவது ஓட்டத்திலேயே ஓடு கிழித்து ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்தது. காற்று முழுக்க அந்த வழியாகப் போய், கரை வரை இடுப்பளவு சேற்றில் தள்ளிக்கொண்டு வந்தோம். விரல் பாவாடையில் ஒரு விரல் கிழிந்தால் பக்கத்து விரல்கள் உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும். கேபிள் டை போட்டுக் கட்டினால் கிழிந்ததை மட்டும் கழற்றி மாற்றலாம். ரப்பர் பூசிய நைலான் துணி வாங்குங்கள். சாதாரணத் தார்ப்பாய் தையல் ஓட்டையிலேயே கிழியும். பின்பக்க விரல்களின் வாயை மட்டும் மூடித் தையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரை அள்ளிக்கொள்ளும்.

மாருதி எஞ்சின் வேண்டாம். 37 ஹெச்.பி. இருக்கிறது, சரி. ரேடியேட்டர், தண்ணீர், பேட்டரி எல்லாம் சேர்ந்தால் மூன்றாவது ஆள் ஏறியது மாதிரி. தூக்குவதற்குப் பெரிய எஞ்சினே தேவையில்லை. ஆளோடு சேர்த்து 330 கிலோ, அடிப்பரப்பு 5.5 சதுர மீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 60 கிலோதான். கார் டயர் காற்றழுத்தத்தில் 300-ல் ஒரு பங்குகூட இல்லை. 15 கிலோ எடையுள்ள 5.5 ஹெச்.பி. பெட்ரோல் எஞ்சினே தூக்கிவிடும். தள்ளுவதற்குத் தனியாக 20 ஹெச்.பி. அளவில் ஒரு வி-ட்வின் (V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ள எஞ்சின்), பெரிய ஜெனரேட்டரில் வருவது. ஒரே எஞ்சினில் இரண்டையும் செய்யலாம், எடை குறையும். ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் தூக்கலும் போய், பாவாடை சிப்பி ஓட்டின் மேல் உட்காரும்.

தள்ளும் ஃபேன் 90 சென்டிமீட்டர் என்றால் எஞ்சினின் நிமிடத்துக்கு 3600 சுற்றில் நேராக மாட்டாதீர்கள். நுனி வேகம் விநாடிக்கு 170 மீட்டர் வந்துவிடும். பெல்ட் போட்டு 2500-க்கு இறக்குங்கள். காது பிழைக்கும், இறக்கையும் பிழைக்கும்.

இன்னொன்று. தரையில் பறக்கிற வண்டி தண்ணீரில் இறங்கியதும் மாட்டிக்கொள்ளும். காற்று அழுத்திய பள்ளத்திலிருந்து முன்னால் எழும் அலை மேட்டை அது ஏறித் தாண்ட வேண்டும். ஆழம் குறைந்த தண்ணீரில் அந்த மேடு இன்னும் முரடு. அதனால் சேற்றிலேயே வேகம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போங்கள், நின்ற இடத்திலிருந்து கிளப்பாதீர்கள்.

அப்புறம், ஏரி பறவைகள் சரணாலயம். துணி வாங்குவதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். பூநாரை இறங்கியிருக்கும் மாதங்களில் எனக்கே இந்தச் சத்தத்தோடு அங்கே போக மனம் வராது.

நீள அகலமும், இரண்டு பேரின் எடையும் எழுதுங்கள். விரல் எத்தனை, எவ்வளவு அகலம் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.