எக்ஸ்பி கணினியில் சத்தம் வரவில்லையா? முதலில் சிப்பின் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: பழைய பெண்டியம் 4 கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியை அழித்துவிட்டு மறுபடி போட்டோம். மற்றதெல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. மதர்போர்டுடன் வந்த சிடி தொலைந்துவிட்டது. சவுண்ட் டிரைவரை எங்கே தேடி எப்படிப் போடுவது?

போன வருடம் எனக்கும் இதே சிக்கல்தான். என் ஆச்சி பாடிய தாலாட்டுகளை அப்பா 11 கேசட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். நாடா பழுதாவதற்குள் அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தேன். என் லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு துளைதான். பரண் மேல் கிடந்த பெண்டியம் 4-ன் பின்புறத்தில் பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று மூன்றும் இருந்தன. அந்த நீலம்தான் லைன் இன், டேப் ரெக்கார்டரை நேராகச் செருக வேண்டிய இடம். ஆனால் அந்தக் கணினியைச் சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து எக்ஸ்பி போட்டிருந்தோம். ஒலிச் சிப்பை விண்டோஸ் இயக்குவதற்கு வேண்டிய சிறு மென்பொருளான சவுண்ட் டிரைவரை அவர்கள் போடவே இல்லை. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட்ஸ் அண்ட் ஆடியோ டிவைசஸைத் திறந்தால் 'நோ ஆடியோ டிவைஸ்' என்றது.

நான் முதலில் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். 'உங்கள் கணினிக்கு வேண்டிய எல்லா டிரைவரையும் நாங்களே கண்டுபிடிக்கிறோம்' என்று சொன்ன ஒரு இலவச மென்பொருளை இறக்கிப் போட்டேன். அது சவுண்டைச் சரிசெய்யவில்லை. பதிலுக்கு விளம்பரங்களைக் கொண்டுவந்து சேர்த்தது, எக்ஸ்பியை இன்னொரு முறை அழித்துப் போட வேண்டியதாயிற்று. இந்த வகை மென்பொருள் எதையும் பழைய கணினியில் ஏற்றாதீர்கள். அதற்கு அவசியமே இல்லை. எந்த டிரைவர் வேண்டும் என்பதைக் கணினியே எண் வடிவில் சொல்லும்.

அந்த எண்ணை எடுக்கும் வழி இது. மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள், அதில் ஹார்ட்வேர், அதில் டிவைஸ் மேனேஜர். மஞ்சள் கேள்விக்குறியோடு சில பெயர்கள் நிற்கும். 'மல்டிமீடியா ஆடியோ கண்ட்ரோலர்' என்று இருந்தால் பெரும்பாலும் அது ஏசி 97 என்ற பழைய ஒலித் தரத்தைச் சேர்ந்த வகை. 'ஆடியோ டிவைஸ் ஆன் ஹை டெஃபினிஷன் ஆடியோ பஸ்' என்று இருந்தால் அதற்குப் பின் வந்த எச்டி ஆடியோ. அதன் மேல் இரட்டை கிளிக் செய்து டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போனால் ஒரு நீளமான வரி தெரியும். அதில் 'வென்' என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துகள் சிப்பைச் செய்த நிறுவனம், 'டெவ்' என்பதை அடுத்து வருபவை சிப்பின் வகை. என் கணினியில் வென் 8086, டெவ் 24டி5 என்று வந்தது. 8086 என்றால் இன்டெல். 24டி5 என்பது இன்டெலின் ஐசிஎச்5 சிப்புக்குள் இருக்கும் ஏசி 97 ஆடியோ. வென் 10ஈசி என்றால் ரியல்டெக், 1106 என்றால் வியா, 1102 என்றால் கிரியேட்டிவ், 11டி4 என்றால் அனலாக் டிவைசஸ். எச்டி ஆடியோவில் ரியல்டெக் சிப்பாக இருந்தால் இன்னும் எளிது. டெவ் 0662 என்றால் ஏஎல்சி662, 0888 என்றால் ஏஎல்சி888, சிப்பின் பெயரே எண்ணில் இருக்கும்.

எக்ஸ்பி சிடியிலேயே இந்த டிரைவர் ஏன் இல்லை என்று கேட்கலாம். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். ஐசிஎச்5 வந்தது 2003-ல். எச்டி ஆடியோ தரத்தை இன்டெல் அறிவித்தது 2004-ல். தனக்குப் பின்னால் பிறந்த சிப்பை அந்த சிடிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அப்டேட் டிரைவர் அழுத்தி இணையத்தில் தேடச் சொன்னாலும் இன்று பயன் இருக்காது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

ஏசி 97-ல் இன்னொரு விஷயம் உண்டு, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அதில் வேலை இரண்டு சிப்புகளுக்குப் பிரிந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் தெரியும் இன்டெல் எண் கட்டுப்படுத்தும் சிப்புடையது. உண்மையில் கணினியின் எண்களை ஸ்பீக்கருக்குப் போகும் மின் அலையாக மாற்றுவது கோடெக் என்ற வேறொரு சின்ன சிப். அதை ரியல்டெக், அனலாக் டிவைசஸ், சிக்மாடெல் என்று யாரும் செய்திருக்கலாம். ஆகவே 24டி5 என்று மட்டும் தேடினால் நாலைந்து வெவ்வேறு டிரைவர்கள் வரும், எது உங்களுடையது என்று தெரியாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கேபினெட்டைத் திறங்கள். பின்புற ஆடியோ துளைகளுக்குப் பக்கத்தில் விரல் நகத்தைவிடச் சின்னதாக, நான்கு பக்கமும் கால்கள் உள்ள ஒரு சதுர சிப் இருக்கும். மொத்தம் 48 கால்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் மேலே எழுத்து தெரியும். என்னுடையதில் ஒரு நண்டுப் படமும் ஏஎல்சி655 என்ற எழுத்தும் இருந்தன. நண்டு ரியல்டெக்கின் சின்னம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேண்டியது ரியல்டெக்கின் ஏசி 97 தொகுப்பு என்பது உறுதியானது. அதே ரியல்டெக்கின் எச்டி ஆடியோ தொகுப்பை முதலில் போட்டுப் பார்த்து, அது மறுத்ததற்குக் காரணமும் அப்போதுதான் விளங்கியது. நிறுவனம் ஒன்றே ஆனாலும் இரண்டும் வேறு வேறு.

டிரைவரை எக்ஸ்பியிலேயே இறக்க முயல வேண்டாம். அதில் இருக்கும் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது. பாதுகாப்புக்கும் அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமல் வைப்பதே நல்லது. வேறொரு கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுபோங்கள். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கட்டும். எக்ஸ்ஃபேட் என்றால் தனி அப்டேட் போடாத எக்ஸ்பிக்குப் படிக்கத் தெரியாது. முதலில் மதர்போர்டு செய்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். மாடல் எண் போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும். அங்கே எடுத்துவிட்டார்கள் என்றால் பழைய கோப்புகளைச் சேமித்து வைக்கும் தளமான இன்டர்நெட் ஆர்கைவில் பழைய மதர்போர்டு சிடிகளை அப்படியே ஏற்றி வைத்திருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். எங்கிருந்து எடுத்தாலும், கோப்பில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் தளமான வைரஸ்டோட்டலில் ஒரு முறை சோதித்துவிட்டே பயன்படுத்துங்கள். விஸ்டா, விண்டோஸ் 7 என்று போட்டிருப்பதை எடுக்காதீர்கள். விஸ்டாவில் ஒலி அமைப்பையே மைக்ரோசாஃப்ட் மாற்றி எழுதிவிட்டது, அதற்கென்று மட்டும் எழுதிய டிரைவர் எக்ஸ்பியில் ஏறாது. 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் பாருங்கள். வீட்டு எக்ஸ்பி பெரும்பாலும் 32 பிட்தான்.

சரி, இனி போடும் வரிசை. முதலில் சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சிப்புகள்) டிரைவர், இன்டெல் போர்டு என்றால் அதன் சிப்செட் ஐஎன்எஃப் தொகுப்பு. ரீஸ்டார்ட். உங்களுடையது ஏசி 97 என்றால் அடுத்தது நேராக ஆடியோ டிரைவர்தான். எச்டி ஆடியோ என்றால் நடுவில் ஒரு படி உண்டு, மைக்ரோசாஃப்டின் யுஏஏ பஸ் டிரைவர். கேபி888111 என்று தேடினால் கிடைக்கும். இது இல்லாமல் ரியல்டெக் டிரைவரைப் போட்டால், ஒலிச் சிப் அமர வேண்டிய இடமே கணினிக்குத் தெரியாது. எக்ஸ்பிக்கான பெரிய அப்டேட் தொகுப்புகளான சர்வீஸ் பேக்குகளில் 2 உள்ளவர்கள் இதைப் போட்டே ஆக வேண்டும். சர்வீஸ் பேக் 3-ல் இதைத் தனியாக ஓட்டினால், உங்கள் சர்வீஸ் பேக் இதைவிடப் புதியது என்று சொல்லி நின்றுவிடும். பயப்பட வேண்டாம், 3-ல் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ரியல்டெக்கின் எச்டி தொகுப்புக்குள்ளேயே இந்த பஸ் டிரைவரும் வருவதால், செட்அப்பை ஓட்டினால் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

செட்அப் ஓடவில்லை, அல்லது ஓடியும் மஞ்சள் குறி போகவில்லை என்றால் கையால் போடலாம். தொகுப்பை ஒரு ஃபோல்டரில் விரித்து வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கேள்விக்குறி மேல் வலது கிளிக், அப்டேட் டிரைவர். இணையத்தில் தேடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குறிப்பிட்ட இடத்தில் இருந்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐஎன்எஃப் கோப்பு உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள். ஐஎன்எஃப் என்பது வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து உங்கள் வென், டெவ் எண் அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். இருந்தால் (ஏசி 97-ல் கோடெக் பெயரும் பொருந்தினால்) அது உங்கள் டிரைவர், எண் இல்லையென்றால் எத்தனை முறை முயன்றாலும் ஏறாது. எனக்கு அதிக நேரம் மிச்சமாக்கித் தந்தது இந்த ஒரு சோதனைதான். நடுவில் விண்டோஸ் லோகோ சோதனையில் தேறவில்லை என்று எச்சரிக்கை வரலாம். எண் பொருந்தி, நம்பகமான இடத்தில் இருந்து எடுத்ததாக இருந்தால் கண்டினியூ எனிவே கொடுக்கலாம்.

பழைய கணினியில் சத்தம் ஏற்கெனவே சரியாக வருகிறது, புதுப் பதிப்பு போடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்பேன். ஏதோ கோளாறு இருந்து மாற்றினால் மட்டும், முதலில் சிஸ்டம் ரீஸ்டோரில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மாற்றுங்கள். புதியது ஒத்துவரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் பொத்தானும் உண்டு.

டிரைவர் ஏறியும் சத்தம் வராமல் போகலாம், எனக்கு அப்படித்தான் ஆனது. மஞ்சள் குறி போய்விட்டது, கீழே ஸ்பீக்கர் படம் வந்துவிட்டது, பாட்டை ஓட்டினால் கோடுகள் மேலும் கீழும் குதிக்கின்றன, ஸ்பீக்கரில் மட்டும் அமைதி. ம்யூட் பார்த்தேன், விண்டோஸ் ஆடியோ சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்த்தேன், பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கம்) போய் ஆன்போர்டு ஆடியோ டிஸேபிளில் கிடக்கிறதா என்றும் பார்த்தேன். எல்லாம் சரி. இரண்டு நாள் டிரைவரையே சந்தேகப்பட்டு மாற்றி மாற்றிப் போட்டேன்.

காரணம் போர்டின் மேல் இருந்தது. ஏசி 97 காலத்துப் போர்டுகளில் முன்புற ஹெட்போன் துளைக்கென்று ஒரு பத்துப் பின் (உலோக ஊசி) இணைப்பு இருக்கும். பின்புறப் பச்சைத் துளைக்குப் போகும் ஒலி இந்தப் பின்களைச் சுற்றிக்கொண்டுதான் போகும். முன்புற வயர் செருகவில்லை என்றால் 5-ம் 6-ம் பின்களையும், 9-ம் 10-ம் பின்களையும் ஜம்பர் மூடிகளால் இணைத்திருக்க வேண்டும். ஒன்று இடது பக்க ஒலிக்கு, மற்றது வலதுக்கு. யாரோ முன்புற வயரை மாட்டுவதற்காக அந்த மூடிகளைக் கழற்றி, பிறகு வயரையும் எடுத்துவிட்டு, மூடியைத் திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். செத்துப்போன பழைய ஹார்ட் டிஸ்குகளில் இருந்து இரண்டு ஜம்பர்களைப் பிடுங்கி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அங்கே செருகினேன். மறுபடி போட்டதும் எக்ஸ்பியின் தொடக்க இசை வந்தது. உங்களுக்கும் டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரியாக இருந்து சத்தம் மட்டும் வராவிட்டால் தயவுசெய்து இந்த இடத்தைப் பாருங்கள். பின் எண்கள் போர்டின் கையேட்டில் படமாக இருக்கும், அதைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

உங்களுக்கும் கேசட் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இதையும் சொல்லிவிடுகிறேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையில் இருந்து வயரை நீலத் துளைக்குக் கொடுங்கள், இளஞ்சிவப்புக்கு வேண்டாம். மைக்குக்கான வழி ஒலியைப் பெருக்கிவிடும், பாட்டு கரகரக்கும். வால்யூம் கண்ட்ரோலில் ஆப்ஷன்ஸ், ப்ராப்பர்ட்டீஸ் போய் ரெக்கார்டிங் என்பதைத் தேர்ந்தெடுத்தால் லைன் இன் தெரியும். அதைத் தேர்வு செய்யாவிட்டால் பதிவில் வெறுமைதான் இருக்கும். எக்ஸ்பியுடன் வரும் சவுண்ட் ரெக்கார்டர் வழக்கமாக 60 விநாடியில் நின்றுவிடும், ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியின், எக்ஸ்பியில் ஓடும் பழைய பதிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி 97-ன் இயல்பான வேகம் விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்பதால் நான் 48,000-லேயே பதிந்தேன்.

11 கேசட்டுகளில் 9 முழுதாக வந்துவிட்டன. இரண்டில் நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அப்புறம், வேலை செய்த டிரைவர் தொகுப்பை ஒரு சிடியில் எழுதி, வென், டெவ் எண்களையும் கோடெக் பெயரையும் ஒரு தாளில் குறித்து, இரண்டையும் ஒரு கவரில் போட்டு அந்தக் கணினியின் கேபினெட் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.