கையை இறக்குவது – கடிதம்

ஐயாவுக்கு வணக்கம்,

2021-ல் இந்தியா ஆஸ்திரேலியாவோடு ஆடிய பிரிஸ்பேன் டெஸ்டின் கடைசி நாளை மறுபடி முழுதாகப் போட்டுப் பார்த்தேன். நம் புஜாராவுக்கும் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கம்மின்ஸுக்கும் நடந்த மோதலை எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 211 பந்தில் 56 ரன். ஜெயிக்கவேண்டிய ஆட்டத்தில் கட்டை போட்டுக்கொண்டு, பந்தை உடம்பில் வாங்கிக்கொண்டு நிற்பது வீரமா? ஆடத் தெரியாததைத்தான் தியாகம் என்று சொல்லிக்கொள்கிறோமா? ஜெயித்துக் கொடுத்தது ரிஷப் பந்த்தும் நம் வாஷிங்டன் சுந்தரும்தானே?

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. இப்போதுதான் லெதர் பந்தில் ஆட ஆரம்பித்திருக்கிறான். எகிறி வரும் பந்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறான். அவனுக்கு யாரைக் காட்டுவது, புஜாராவையா, பந்த்தையா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள். ஆனால் ‘ஆடத் தெரியாதது’ என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்கப் பார்த்தேன் என்கிறீர்கள். அவர் கையை ஒரு தடவையாவது பார்த்தீர்களா?

ரன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். இலக்கு 328. ரோஹித் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 18. அப்போது உள்ளே வந்த புஜாரா, 228-ல் நாலாவது விக்கெட்டாக வெளியேறினார். அவர் நின்ற நேரத்தில் சேர்ந்தது 210 ரன். கில்லின் 91 அதற்குள்தான் வந்தது, பந்த் காலூன்றியதும் அப்போதுதான். மறுமுனையில் இருப்பவர்கள் அடிக்கமுடிந்ததே இவர் ஒரு முனையை மூடிவைத்திருந்ததால்தான். வாஷிங்டனைப் பற்றி இங்கே வேண்டாம். கம்மின்ஸை அவர் ஹூக் செய்து அடித்த சிக்ஸருக்குத் தனியாகவே எழுதவேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் ஆடுகளம் வெடித்திருந்தது. ஒரு முனையில் லெங்த்தை, அதாவது பந்து வழக்கமாகக் குத்தும் இடத்தை, ஒட்டியே விரிசல். அதன் விளிம்பில் பட்ட பந்து விலாவுக்கோ தோளுக்கோ எகிறும். படாத பந்து சாதாரண உயரத்தில் வரும். எது படும், எது படாது என்பது போடுகிறவருக்கே தெரியாது. டெஸ்டில் தோளுக்கு மேல் போகும் பவுன்சர் ஓவருக்கு இரண்டுதான் போடலாம். லெங்த்திலிருந்து விலாவுக்கு எகிறும் பந்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆறையும் அங்கேயே போடலாம். கம்மின்ஸைப்போல மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பந்தைக் குத்தத் தெரிந்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கையை விட்டு மட்டையாளரை அடைய அரை வினாடி. அந்த லெங்த்தில் குத்தி எழுந்தபிறகு மிச்சம் இருப்பது ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எகிறியதைப் பார்த்தபிறகு முடிவெடுக்க மனித உடம்பால் ஆகாது. பந்து வருவதற்கு முன்பே முடிவு எடுத்தாகிவிட்டிருக்கவேண்டும். நீங்கள் வீரம், தியாகம் என்று எழுதுகிற இடத்தில் நான் பார்ப்பது அந்த முடிவை.

என்னென்ன வழி இருந்தது? புல் ஷாட் அடிக்க அந்தப் பந்து போதிய அளவு ஷார்ட் இல்லை, அவ்வளவு முன்னாலேயே குத்தவில்லை. குனிந்தால், எகிறாத பந்து நேராகத் தலைக்கு வரும். மட்டையை நெஞ்சுக்கு முன்னால் தூக்கித் தடுத்தால் கிளவுஸில் பட்டு, பக்கத்திலேயே நிற்கும் ஷார்ட் லெக்கிலோ ஸ்லிப்பை அடுத்த கல்லியிலோ கேட்ச். விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: மட்டையைப் பிடித்திருக்கும் கையும் கிளவுஸும் மட்டைக்குச் சமம், அதில் பட்ட பந்தைப் பிடித்தால் அவுட். தோளிலோ ஹெல்மெட்டிலோ மட்டும் பட்டு எழும்பியதை எத்தனை பேர் பிடித்தாலும் அவுட் இல்லை. அதுவும், இந்தத் தொடரில் கம்மின்ஸ் அதற்கு முன் புஜாராவை எடுத்த நான்கு தடவையும் கேட்ச்தான். மூன்று விக்கெட் கீப்பர் பெய்னுக்கு, ஒன்று கல்லியில் கிரீனுக்கு. ஆக, எதை ஒளித்துவைக்கவேண்டும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சொல்ல எளிது. பந்து நெஞ்சுக்கு வந்தால் கை தானாக மேலே போகும், அது உடம்பின் இயல்பு. அதை எதிர்த்து இரண்டு மணிக்கட்டையும் இடுப்புக்குக் கீழே இறக்கவேண்டும். முன் தோளைப் பந்துவீச்சாளர் பக்கம் திருப்பி, முழங்கையை ஒடுக்கி, மேல்கைச் சதையால் விலாவை மறைக்கவேண்டும். தாடை தோளோடு ஒட்டியிருக்கவேண்டும், பார்வை கடைசிவரை பந்திலேயே இருக்கவேண்டும். லெக் பக்கம் ஒதுங்கினால் ஸ்டம்ப் திறந்துகொள்ளும். உடம்பு மட்டும் குனிந்து மட்டை மேலேயே நின்றால் ஸ்லிப்புக்கு லட்டு மாதிரி கேட்ச். அத்தனையும் செய்தாலும் ஒரு ரன் கிடைக்காது. அடிக்கவும் முயலாமல் விலகவும் முயலாமல் உடம்பில் பட்டதற்கு லெக் பை, அதாவது உடம்பில் பட்டுப் போன பந்துக்கு ஓடி எடுக்கும் ரன், கிடையாது.

அன்று பத்துத் தடவைக்கு மேல் அடி வாங்கினார். அதில் அவர் தாங்கமுடியாமல் மட்டையைக் கீழே போட்டுப் படுத்தது எப்போது என்று நினைவிருக்கிறதா? தோளில் பட்டபோது இல்லை, விலாவில் பட்டபோது இல்லை. விரலில் பட்டபோது. கை பந்தின் வழியில் நின்றுவிட்ட பந்து அது. மறுபடி ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வது எல்லாம் அந்த ஒரு பந்தில் இருக்கிறது.

கம்மின்ஸ் தோற்றார் என்று யாராவது எழுதினால் அதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 24 ஓவர், அதில் ரன்னே கொடுக்காத மெய்டன் 10, 55 ரன், 4 விக்கெட். 80 ஓவர் முடிந்து புதுப் பந்து கைக்கு வந்ததுமே புஜாராவை எல்பிடபிள்யூ ஆக்கினார். தொடரில் ஐந்தாவது தடவை. ஆனால் அந்த நாலு டெஸ்டில் புஜாரா ஆடிய பந்துகள் 928. அதைப் போட்டதில் பெரும்பங்கு ஸ்டார்க், ஹேசில்வுட், கம்மின்ஸ், லயன் என்ற அதே நால்வர், ஒரு டெஸ்டுக்குக்கூட ஓய்வில்லாமல். மிச்சமிருந்த 100 ரன்னுக்கு பந்த் களைத்துப்போன அவர்களைத்தான் எதிர்கொண்டார்.

உங்கள் மகன். யாரைக் காட்டுவது என்பது பெரிய கேள்வியே இல்லை, இரண்டு பேரையும் காட்டுங்கள். ஆனால் கண்ணை மூடுகிற பையனை லெதர் பந்து முன்னால் நிறுத்தி ‘பயப்படாதே’ என்று சொல்லாதீர்கள். அது கொடுமை. அவன் மூடுவது பயந்தாங்கொள்ளி என்பதால் இல்லை, அவன் உடம்பு சரியாக வேலை செய்கிறது. டென்னிஸ் பந்தை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டரிலிருந்து நெஞ்சுக்குக் கையாலேயே எறியுங்கள். மட்டையால் தொடக்கூடாது, கையை இறக்கவேண்டும், பந்து உடம்பில் பட்டுவிட்டுப் போகட்டும். வலிக்காது என்று தெரிந்தபிறகு கண் தானாகத் திறக்கும். அதுவரை லெதர் பந்தில் ஷார்ட் பிட்ச் வேண்டாம். அதன்பிறகும் செஸ்ட் கார்டும் கழுத்துக் கவசம் வைத்த ஹெல்மெட்டும் இல்லாமல் வேண்டவே வேண்டாம். 2014-ல் சிட்னியில் ஆஸ்திரேலிய மட்டையாளர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்தபிறகுதான் அந்தக் கவசம் பரவலானது. பிரிஸ்பேனில் புஜாராவின் ஹெல்மெட்டிலிருந்து தெறித்து விழுந்ததும் அந்தத் துண்டுதான்.

தலையில் ஒரு அடி பட்டுவிட்டால் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள், அவன் எத்தனை கெஞ்சினாலும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.