பையைக் காலி செய்யவா, குயில்ட் தைக்கவா?

வணக்கம்.

தைத்தது போக மிஞ்சிய துணிகளை நாடா நாடாவாகக் கிழித்து ஒரு பெரிய பையில் சேர்த்து வைத்திருக்கிறேன். மிச்ச நாடாக்களைச் சதுரங்களாக்கி, அவற்றைச் சேர்த்துப் போர்வையாகத் தைக்கும் ஸ்ட்ரிங் குயில்ட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தப் பையைக் காலி செய்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். நாடாக்களை வரிசையாக இணைத்துத் தைத்து, அதிலிருந்து சாய்வாகச் சதுரங்கள் வெட்டினேன். ஓரமெல்லாம் அலையடிக்கிறது, ஒரு சதுரம்கூட இன்னொன்றோடு பொருந்தவில்லை. செய்தித்தாள் மேல் வைத்துத் தைக்கச் சொல்கிறாள் தோழி. மை ஒட்டாதா? நிறமும் சரியில்லை, எல்லாம் சேர்ந்து குப்பைக்கூடை மாதிரி இருக்கிறது. கொஞ்சம் புதுத் துணி வாங்கிக் கலந்தால் தேறுமோ என்று நினைக்கிறேன். மிச்சத் துணியைத் தீர்க்கப் புதுத் துணி வாங்குவதா, இது என்ன கூத்து என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

வீட்டில் கேட்டது நல்ல கேள்வி. முதலில் அந்த அலையைப் பார்த்துவிடுவோம்.

அது கிராஸ், அதாவது துணியின் மூலைவாட்டு, செய்கிற வேலை. பாவும் ஊடும் (நெடுக்கு இழையும் குறுக்கு இழையும்) ஓடும் திசையில் இழுத்தால் துணி அசையாது, மூலைவாட்டில் இழுத்தால் நீளும். நீங்கள் சாய்வாக வெட்டியதில் சதுரத்தின் நான்கு ஓரமும் கிராஸாகிவிட்டது. மெஷினில் ஓடும்போது கொஞ்சம் இழுபடும், இஸ்திரி போடும்போது இன்னும் கொஞ்சம். எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் இது நடக்கும். அதற்காகத்தான் அடியில் காகிதமோ மெல்லிய துணியோ வைத்துத் தைக்கிறார்கள். தோழி சொன்னது சரி.

6 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் காகிதத்தை 6½ அங்குலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் நாடாவை நல்ல பக்கம் மேலே தெரிய மூலைக்கு மூலை வையுங்கள். இரண்டாவது நாடாவை அதன்மேல் கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கால் அங்குலம் விட்டுக் காகிதத்தோடு ஒன்றாகத் தையுங்கள். நாடாவைத் திருப்பிவிட்டு, தையல் மேல் நகத்தால் ஒரு இழுப்பு, அப்புறம் இஸ்திரி. இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்க வேண்டாம், வைத்து அழுத்தி எடுத்தால் போதும். இப்படியே இரண்டு பக்கமும் மூலைவரை போங்கள். நாடா ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருந்தால் அப்படியே போடுங்கள், இந்த வகைக்கு அதுதான் அழகு. ஆனால் முக்கால் அங்குலத்துக்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். இரண்டு பக்கத் தையலுக்கும் கால் கால் அங்குலம் போனால் மீதி தெரிவது கால் அங்குலம்தான். மூலைக்கு வரும் கடைசித் துண்டு மட்டும் நல்ல அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சதுரங்களை இணைக்கும்போது அங்கே தையல்கள் குவிந்து தடித்துப் போகும். முடிந்ததும் கவிழ்த்துப் போட்டுக் காகிதத்தின் ஓரத்தை ஒட்டி நறுக்கினால், நீட்டிக்கொண்டிருந்த வால்களெல்லாம் போய்ச் சுத்தமான சதுரம் கிடைக்கும்.

காகிதத்தை உடனே கிழித்துவிடாதீர்கள். சதுரங்களை ஒன்றோடொன்று இணைத்து முடிக்கும்வரை அது இருந்தால்தான் ஓரம் இழுபடாது. தையலின் அளவை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைத்து, 14-ம் நம்பர் ஊசி போட்டுக்கொண்டால் ஓட்டைகள் நெருக்கமாக விழும், காகிதம் அந்தக் கோட்டிலேயே பிய்ந்து வரும். காகிதத்தில் ஓடிய ஊசி மழுங்கிவிடும், அதை மறுபடி நல்ல துணிக்குப் போடக்கூடாது. மை விஷயம், ஆமாம், ஒட்டும். வெளிர் நிறத் துணியில், அதுவும் சூட்டில், நிச்சயம் ஒட்டும். அச்சில்லாத மெல்லிய காகிதம் கிடைத்தால் கவலையே இல்லை.

அந்தக் காலத்தில் மையைப் பார்க்காமல் செய்தித்தாள், விலைப்பட்டியல், கடிதம் என்று கைக்கு வந்ததில் தைத்திருக்கிறார்கள். பஞ்சும் அடித்துணியும் சேர்க்காமல் விட்டுப்போன பழைய மேல்துணிகளில் அந்தக் காகிதம் இன்றும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் தேதி அகப்பட்டால், அதற்கு முன்னால் தைத்திருக்க முடியாது என்று அடித்துச் சொல்லலாம். எவ்வளவு பின்னால் என்று சொல்ல முடியாது, பழைய பேப்பர்தானே.

வழுக்கும் பட்டு, நைந்த மெல்லிய துணி என்றால் காகிதத்துக்குப் பதில் காடாத் துணியோ மல் துணியோ வைத்துத் தைத்து, உள்ளேயே விட்டுவிடுங்கள். கனம் கூடும், அதனால் நடுவில் பஞ்சு வேண்டாம். காடாவை முதலில் நனைத்துச் சுருங்கவிட்டு வெட்டுங்கள்.

இனி நிறம். அமெரிக்காவில் அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தைத்த குயில்ட்கள் 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. 2006-ல் அஞ்சல்தலையாகவும் வெளிவந்தன. குளிருக்குப் போர்த்திக்கொள்ள, வயலுக்கு உடுத்திப் போய்த் தேய்ந்த உடுப்புகளிலிருந்து தைத்தவை பல. 1972-ல் அந்தப் பகுதிப் பெண்களின் தையல் கூட்டுறவுக்கு சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனியிடமிருந்து கார்டுராய் (வரிவரியாக மேடு தெரியும் தடித்த துணி) தலையணை உறைகள் தைக்கும் வேலை வந்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் வீடுகளுக்குப் போய்க் குயில்ட்களாயிற்று. கம்பெனி அனுப்பிய சில நிறங்கள், வேறு கிடையாது. அந்தக் குயில்ட்களின் கட்டுக்கோப்பு அங்கிருந்தும் வந்தது என்று நினைக்கிறேன். உங்கள் பையிலோ எல்லா நிறமும் இருக்கிறது. எதையும் மறுக்காவிட்டால் கண் எங்கே நிற்கும்?

ஆகவே ஒன்றை நிலையாக வையுங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் நடு நாடா, அதாவது முதலில் மூலைக்கு மூலை வைத்தது, ஒரே நிறம்; மற்றதெல்லாம் பையிலிருந்து கை எடுக்கிற வரிசையில் வரட்டும். நான்கு சதுரங்களைத் திசை மாற்றி மாற்றிச் சேர்த்தால் அந்த நடு நாடாக்கள் ஒரு வைரத்தை வரையும். குயில்ட் முழுக்க அந்த வலை ஓடும்போது சுற்றியிருக்கும் கலவரம் அடங்கிவிடும். சதுரங்களைத் தரையில் பரப்பிக் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், வெளிர் எங்கே குவிகிறது, அடர்த்தி எங்கே குவிகிறது என்று தெரிந்துவிடும்.

அந்த நடு நாடாவுக்குப் புதுத் துணி வாங்குங்கள், தாராளமாக. 60க்கு 72 அங்குலக் குயில்டுக்கு 120 சதுரங்கள். ஒன்றரை அங்குல அகலமும் 10 அங்குல நீளமுமாக 120 நாடாக்களுக்கு, 44 அங்குல அகலத் துணி ஒன்றேகால் மீட்டர் போதும். வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பை காலியாகாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இந்தச் சதுரங்களை நறுக்கும்போதே புதிதாக ஒரு குவியல் விழும். பையைத் தீர்க்கிற வேகத்தில் தைத்தால், இழுபடுகிற பனியன் துணி, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற நைந்த துணி, பிடிக்காத பூப்போட்டது எல்லாம் குயில்டுக்குள் நுழையும். அவற்றைத் தரை துடைக்க எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் போகிற துணிகளைத் தைப்பதற்கு முன்பே அலசிப் பாருங்கள்.

கடைசியாக, நெருங்க நெருங்கத் தையல் ஓடிய மேல்துணியில் கையால் குயில்டிங் (அடுக்குகளைச் சேர்த்துப் போடும் தையல்) போடுவது விரலுக்குத் தண்டனை. அடித்துணியோடு சேர்த்து, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் தடித்த பருத்தி நூலில் இரட்டை முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். முடிச்சுக்கு மேலே முக்கால் அங்குலம் நூல் விட்டு வெட்டினால் அவிழாது.