ஹரிக்கேன் மாடல்: துணி எங்கே, தகடு எங்கே? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் ஹாக்கர் ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் மாடல் பற்றியவற்றை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டேன். 1940 பிரிட்டன் வான்போரில் எண்ணிக்கையில் அதிகமாக நின்றது ஹரிக்கேன்தான். ஆனால் மாடல் கட்டுபவர்கள் மேசையில் அதன் சக போர்விமானமான ஸ்பிட்ஃபயருக்குத்தான் முதல் மரியாதை. அந்த நிலை கொஞ்சம் மாறுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

சிட்னி காம் வடிவமைத்த இந்த விமானம் 1935 நவம்பர் 6 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் உடல் எஃகுக் குழாய்ச் சட்டம். அதைச் சுற்றி மெல்லிய மரச் சட்டங்கள், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. மூக்குப் பகுதியிலும் விமானி அமரும் காக்பிட்டைச் சுற்றியும்தான் உலோகத் தகடு. எந்த இடம் துணி, எந்த இடம் தகடு, எந்த இடம் மரம் என்று கிட்டைத் திறந்தவுடன் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வர்ணம், தேய்மானம், சிராய்ப்பு எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

முதன்முதலாக ஒரு ஹரிக்கேன் கட்டப்போகிறேன். 1/72 வாங்கலாமா, 1/48 வாங்கலாமா?
– திருச்சி வாசகர்

அசல் விமானத்தின் இறக்கை அகலம் 12.19 மீட்டர். 1/72-ல் அது 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, 1/48-ல் 25 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். காக்பிட் வேலையில் ஆசை இருந்தால் 1/48 எடுங்கள். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/48 மார்க் 1 (ஹரிக்கேனின் முதல் வகை) நல்ல தொடக்கம். இடம் குறைவு என்றால் போலந்தின் ஆர்மா ஹாபி நிறுவனத்தின் 1/72 ஹரிக்கேனைத் தயங்காமல் வாங்கலாம். அந்தச் சின்ன அளவிலும் துணிப் பகுதியை நுணுக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். வால் சக்கரத்தில் நிற்கும் விமானம் என்பதால் மூக்கில் எடை வைக்கும் வேலை இல்லை.

கையில் மார்க் 1 கிட் இருக்கிறது. பீரங்கியை மட்டும் சேர்த்து மார்க் 2சி ஆக்க முடியுமா?
– கோவை வாசகர்

வேண்டாம். மார்க் 2-ல் மெர்லின் 20 இன்ஜின் வந்தபோது மூக்கு சற்று நீண்டது, வயிற்றுக்குக் கீழே உள்ள ரேடியேட்டர் பெட்டியும் பெரிதானது. மார்க் 1-ல் எட்டு .303 இயந்திரத் துப்பாக்கிகள், 2பி-யில் பன்னிரண்டு, 2சி-யில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள். பீரங்கி வந்தால் இறக்கையின் மேல்தகட்டில் உள்ள மூடிகளும் புடைப்புகளும்கூட மாறும். மார்க் 1-ஐ மார்க் 1 ஆகவே கட்டுங்கள். 2சி வேண்டுமென்றால் அதற்கான கிட் தனியாகக் கிடைக்கிறது.

உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டினேன். முதுகில் உள்ள ஒட்டுக்கோட்டைத் தேய்த்தால் பக்கத்தில் இருக்கும் மேடுகளும் அழிகின்றன. என்ன செய்வது?
– மதுரை வாசகர்

துணிக்குக் கீழே உள்ள மரச் சட்டங்களைக் காட்டுபவைதான் அந்த மேடுகள். ஹரிக்கேன் கட்டுபவர் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புட்டியை முடிந்தவரை தவிருங்கள். நீர்த்த பிளாஸ்டிக் சிமெண்டைக் கோட்டின் மேல் ஓடவிட்டு, அரை நிமிடம் பொறுத்து, இரு பாதிகளையும் விரலால் மெதுவாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் கோட்டின் மேல் மெல்லிய நூல்போல் பிதுங்கி வரும். அதைத் தொடாமல் குறைந்தது ஒரு முழு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு மறுநாள் காலையிலேயே தேய்த்தால் உள்ளே இன்னும் மென்மையாக இருக்கும். ஒரு வாரம் கழித்து, வர்ணமெல்லாம் அடித்த பிறகு, அந்த இடம் உள்வாங்கிப் பள்ளமாகும்.

காய்ந்தபின், கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள மேடுகளின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டர் சந்துதான் தெரிய வேண்டும். பிதுங்கியதை வளைந்த பிளேடால் சீவி எடுங்கள். பிறகு 600 வாட்டர் பேப்பரை மெல்லிய பட்டையாக வெட்டி, ஒரு பல்குச்சியின் தட்டையான பக்கத்தில் ஒட்டி, தண்ணீர் தொட்டு, மூக்கிலிருந்து வால் நோக்கி நீளவாக்கில் மட்டும் இழுங்கள். குறுக்கே ஒருமுறைகூடப் போகக் கூடாது. 1000, 2000 என்று முடித்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மேடு போய்விட்டதென்றால் அதை மீட்கலாம். போன மேட்டின் அகலத்துக்கு இடம் விட்டு இருபுறமும் டேப் ஒட்டி, கெட்டியான ஃபில்லர் பிரைமரை மூன்று நான்கு முறை மெல்லிசாக அடியுங்கள். பிரைமர் முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிட்டு, காய்ந்ததும் ஓரங்களை 2000 பேப்பரால் ஒரு தடவு தடவினால் பக்கத்து மேடுகளோடு கலந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டோப் (துணியை இறுக்கும் பூச்சு) பூசிய துணி சுருங்கி விறைப்பாக நிற்கும். சட்டங்களுக்கு நடுவே அது தொய்ந்து கிடக்காது. சில பழைய கிட்களில் பள்ளங்கள் மிக ஆழமாக இருக்கும். அதுபோன்ற கிட்டில் ஒட்டுவதற்கு முன்பே மேடுகளை 1000 பேப்பரால் லேசாகத் தணித்துவிடுங்கள். அசல் விமானப் படங்களில் வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்த வரிகள் நன்றாகத் தெரிகின்றன. மாடலிலும் அந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

காக்பிட்டில் தரையே இல்லை. கிட்டில் ஏதாவது பாகம் விட்டுப்போயிற்றா?
– யாழ்ப்பாண வாசகர்

விட்டுப்போகவில்லை, ஹரிக்கேனில் தரை கிடையாது. விமானியின் கால்களுக்கு நீளமான இரண்டு தட்டுகள் மட்டும் உண்டு. அவற்றுக்கு நடுவே பார்த்தால் குழாய்ச் சட்டமும் வயிற்றின் உள்பக்கமும் தெரியும். விமானி பென்சிலைத் தவறவிட்டால் அது அடிவயிற்றுக்கே போய்விடும். எனவே அட்டையோ பிளாஸ்டிக்கோ வைத்து மூடிவிடாதீர்கள். அந்தத் திறந்த ஆழம்தான் இந்தக் காக்பிட்டின் அழகு.

பக்கச் சுவர்களுக்கு பிரிட்டிஷ் உள்பச்சை, சாம்பல் கலந்த பச்சை நிறம். இருக்கைக்குக் கீழும் பின்னும் தெரியும் குழாய்களுக்கு அலுமினிய வர்ணம் அடியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு சின்ன ஸ்கேலிலும் கண்ணில் படும். கட்டுப்பாட்டுத் தடியின் மேல்முனை வளையமாக இருக்கும். கிட்டில் அது தடிமனாக வந்திருந்தால் மெல்லிய செம்புக் கம்பியை ஒரு துரப்பண முனையில் சுற்றி வளையம் செய்து மாற்றிவிடலாம். இருக்கைப் பட்டைக்கு மாஸ்கிங் டேப்பே போதும். சட்டன் வகைப் பட்டை அகலமானது, வரிசையாகத் துளைகள் உள்ளது. கூர்மையான பென்சிலால் புள்ளி வைத்தால் துளைபோல் தெரியும்.

சிராய்ப்பு காட்ட வெள்ளி வர்ணத்தை எங்கெல்லாம் தொடலாம்? இணையத்தில் பார்க்கும் சில மாடல்களில் விமானம் முழுக்க வெள்ளிப் பொட்டாக இருக்கிறதே?
– சென்னை வாசகர்

துணியில் வர்ணம் பெயர்ந்தால் உலோகம் எப்படித் தெரியும்? காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள உடல், வாலில் அசையும் ரடர், எலிவேட்டர், இறக்கையில் அசையும் எயிலரான் எல்லாம் துணி. அங்கே வெள்ளிப் பொட்டு வைத்தால் ஹரிக்கேன் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். தொடக்கக் கால மார்க் 1-களில் வெளி இறக்கையும் துணிதான். உலோக இறக்கை பின்னால் வந்தது.

புரொப்பெல்லரிலும் இதே கவனம் வேண்டும். டி ஹாவிலேண்ட் நிறுவனப் புரொப்பெல்லரின் விசிறித் தகடுகள் உலோகம், அவற்றின் முன்விளிம்பில் வெள்ளி தெரியலாம். ரோட்டால் நிறுவனப் புரொப்பெல்லர்களில் பெரும்பாலும் அழுத்தி ஒட்டிய மர விசிறிகள். அவற்றில் விளிம்பை மங்கிய சாம்பலாகக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளி பொருத்தமான இடங்கள் இவை: விமானி ஏறும் இடப்பக்க இறக்கை உடலோடு சேரும் இடம், அடிக்கடி கழற்றி மாட்டும் இன்ஜின் மூடிகளின் திருகுகள், துப்பாக்கி மூடிகளின் ஓரம். மெல்லிய ஸ்பாஞ்சைக் கிள்ளி எடுத்து, வர்ணத்தில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டுப் பிறகு மாடலில் ஒற்றுங்கள்.

வெள்ளியைவிட அதிகம் கதை சொல்வது துப்பாக்கி வாய்கள்தான். பறப்பதற்கு முன் ஈரமும் தூசியும் போகாமல் இருக்க அவற்றின்மேல் சிவப்பு டோப் பூசிய துணித் துண்டு ஒட்டுவார்கள். சுட்டதும் அது கிழிந்துவிடும். துண்டு முழுசாக இருந்தால் இறக்கைக்குக் கீழே புகைக்கறை இருக்கக் கூடாது. கறை காட்டினால் துண்டு கிழிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாடலில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய.

பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே ஓரம் மங்கலாக இருக்க வேண்டுமா, கூர்மையாகவா?
– கோலாலம்பூர் வாசகர்

கணக்குப் போட்டுப் பாருங்கள். அசல் விமானத்தில் ஸ்ப்ரே ஓரம் 5 சென்டிமீட்டர் மங்கலாக இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும் 1/72-ல் அது 0.7 மி.மீ., 1/48-ல் ஒரு மி.மீ. அதனால் கிட்டத்தட்டக் கூர்மையாகவே அடியுங்கள். டேப் விளிம்பை முழுக்க அழுத்தாமல் சற்றுத் தூக்கிவிட்டு நேர்மேலிருந்து அடித்தால் சரியாக வரும்.

1942-ல் இலங்கையைக் காத்த ஹரிக்கேன் ஒன்றைக் கட்ட ஆசை. வெளிர்நீல வட்டச் சின்னம் போடலாமா?
– திருகோணமலை வாசகர்

போடக் கூடாது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ரத்மலானையிலிருந்து 30-வது ஸ்குவாட்ரனும் (விமானப் படைப்பிரிவு), கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 258-வது ஸ்குவாட்ரனும் ஹரிக்கேன்களில் எழும்பின. ஏப்ரல் 9-ல் உங்கள் ஊர் தாக்கப்பட்டபோது சீனன்குடாவிலிருந்து எழுந்தது 261-வது ஸ்குவாட்ரன். அதே நாளில்தான் மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் சின்னத்தின் நடுவில் சிவப்பு இன்னும் இருந்தது.

ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வராமலிருக்க இந்தியா, பர்மா பக்கத்து விமானங்களில் சிவப்பை எடுத்தது 1943-ல். நீலமும் வெளிர்நீலமும் கொண்ட சின்னம் நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியக் கட்டளையகக் காலத்துக்கு உரியது. அந்தக் கட்டளையகமே 1943 நவம்பரில்தான் அமைந்தது. இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை வருவது அதற்கும் பிறகு, போரின் கடைசிக் கட்டத்தில். எனவே 1942-க்கு நடுவில் சிவப்பு, உடலில் மஞ்சள் வெளிவளையம். வெப்பமண்டலத்துக்கென அனுப்பிய விமானங்களுக்கு மூக்கின் அடியில் வோக்ஸ் மணல் வடிகட்டி உண்டு. கிட் பெட்டியில் அந்தப் பாகம் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள்.

வெளிர்நீலச் சின்னம்தான் வேண்டுமென்றால் 1944-ல் இம்பால் முற்றுகையின்போது அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் ஒன்றைக் கட்டலாம். இம்பால் போரில் அவர்கள் செய்த வேலைக்கு இன்னும் நிறைய மாடல்கள் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

பிரிட்டன் வான்போரில் பறந்து, இந்தியாவுக்கும் வந்த விமானம் ஏதாவது உண்டா?
– திருநெல்வேலி வாசகர்

உண்டு, ஆர்4118 என்ற எண் கொண்ட ஹரிக்கேன். 1940-ல் குரோய்டனில் இருந்த 605-வது ஸ்குவாட்ரனின் மார்க் 1. பின்னாளில் கப்பலில் இந்தியா வந்து, 1947-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே வெயிலிலும் மழையிலும் நின்றது. 2001-ல் இங்கிலாந்துக்குத் திரும்பியது. சீரமைத்தபின் 2004 டிசம்பரில் மீண்டும் பறந்தது. 1940 நிலையில் கட்டினால் மேலே டார்க் எர்த், டார்க் கிரீன், கீழே ஸ்கை, எழுத்து யுபி-டபிள்யூ. வாலுக்கு முன்னால் ஸ்கை நிறப் பட்டை வேண்டாம். அது 1940 நவம்பர் இறுதிக்குப் பிறகே வந்தது. வாராணசியில் துணியெல்லாம் போய் எலும்புக்கூடாக நின்ற நிலையிலும் இதைக் கட்டலாம். அதற்கு உள்குழாய்ச் சட்டம் முழுவதையும் பிளாஸ்டிக் கம்பியில் கையால் செய்ய வேண்டும். 1/32-ல் யாராவது துணிந்தால் படம் அனுப்புங்கள்.

நேரில் ஒரு ஹரிக்கேனைப் பார்க்க வேண்டுமென்றால் டெல்லியில் பாலம் என்ற பகுதியில் உள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடுகிறது.
– நாகப்பட்டினம் வாசகர்

தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் வர்ணத்தில் படிகிறது. ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னர் பயன்படுத்துங்கள். கம்ப்ரசரில் ஈரப்பொறி மாட்டுங்கள். முடிந்தால் ஏசி ஓடிய அறையில் வேலை செய்யுங்கள். ஏற்கெனவே பூத்திருந்தால் ரிடார்டர் தின்னரை மட்டும் மிக மெல்லிசாக அதன்மேல் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கனோபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடி) ஃபெவிக்விக்கில் ஒட்டினேன், உள்பக்கம் பனி படர்ந்ததுபோல் ஆகிவிட்டது.
– சேலம் வாசகர்

ஃபெவிக்விக்கின் ஆவிதான் காரணம். கனோபிக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும், வழிந்தாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இப்போது அதைக் கழற்ற முடிந்தால், உள்பக்கத்தை மிக மெல்லிய பாலிஷிங் பேப்பரால் தேய்த்து, தெளிந்த பளபளப்பு அக்ரிலிக்கில் ஒருமுறை முக்கி எடுத்து, தூசி படாமல் மூடி வைத்துக் காயவிடுங்கள்.

ஆன்டெனா கம்பி எல்லா ஹரிக்கேனுக்கும் உண்டா?
– சிங்கப்பூர் வாசகர்

இல்லை. பழைய எச்எஃப் (உயர் அதிர்வெண்) ரேடியோ வைத்திருந்த விமானங்களில்தான் கம்பத்திலிருந்து ரடர் உச்சிக்குக் கம்பி போகும். விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) வந்தபின் கம்பம் மட்டும் நின்றது. நட்பு விமானம் என்று ரேடாருக்குக் காட்டும் கருவி பொருத்தியவற்றில் உடலின் இரு பக்கத்திலிருந்தும் வால் இறக்கை முனைகளுக்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். நீங்கள் கட்டும் விமானத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஸ்ப்ரூவை (கிட் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்திக்கு மேல் காட்டி இழுத்த இழை 1/72-க்கு நன்றாக இருக்கும். ஒட்டியபின் ஊதுபத்தியின் கங்கை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் இழை தானே விறைத்துக்கொள்ளும். இதை எல்லா வேலையும் முடிந்த பிறகு, மேட் வார்னிஷும் அடித்துவிட்டுச் செய்யுங்கள்.