மயிலிறகுக்குப் பென்சில் சீவல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் இரண்டாம் வகுப்பு. கணக்கு நோட்டுக்குள் மயிலிறகை வைத்துத் தினமும் பென்சில் சீவலும் நாலு அரிசியும் போடுகிறாள். குட்டி போடுமாம். வானத்தைக் காட்டினால் போடாது என்று பகலில் திறக்கவே விடுவதில்லை. ஏமாந்துவிடுவாளே என்று என் கணவர் கடையில் ஓர் இறகு வாங்கி, அதில் சின்னதாக வெட்டி உள்ளே வைத்துவிட்டார். வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு உறுத்துகிறது. இது மூடநம்பிக்கையை வளர்ப்பதாகாதா? ஒன்பது வாரம் விளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டு நான்காவது வாரத்தோடு நிறுத்தியவள் நான். அவளிடம் நான் கற்க ஏதாவது உண்டா?

ப.

அன்புள்ள ப.,

மூடநம்பிக்கை கிடக்கட்டும். மயிலிறகை நம்பிக் கெட்டுப்போனவர் எவருமில்லை. தப்பு செய்தவர் உங்கள் கணவர்.

அவளிடம் கேட்டுக்கொண்டு, ராத்திரியில், அந்த இறகை எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டின் இரு பக்கமும் இழைகள் போகின்றன. ஓர் இழையை மட்டும் உற்றுப் பார்த்தால் அதற்கும் ஒரு தண்டு, அதன் இரு பக்கமும் பொடி இழைகள். ஒவ்வோர் இழையும் ஒரு குட்டி இறகு. நோட்டைத் திறந்து மூடத் திறந்து மூட, காய்ந்துபோன இழை ஒன்று தண்டை விட்டுக் கழன்று பக்கத்தில் கிடக்கும். காலங்காலமாகப் பிள்ளைகள் பார்த்த குட்டி அதுதான். அவர்கள் கதை கட்டவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். காத்திருந்தால் இவளுக்கும் அது தானாகக் கிடைத்திருக்கும். உங்கள் கணவருக்கு அந்தப் பொறுமை இல்லை. கத்தரியைத் தூக்கிவிட்டார். வெட்டிய ஓரம் மட்டமாக இருப்பதை இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்றாவது ஒருநாள் பார்க்காமலா போகும்? அன்றைக்குக் குட்டி மட்டுமா பொய்யாகும்?

வானத்தைக் காட்டக்கூடாது என்கிறாளே, அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மயிலிறகின் நீலமும் பச்சையும் சாயமல்ல. பொடி இழைகளுக்குள் மெலனின் என்ற கருநிறப் பொருள் குச்சி குச்சியாக நெருக்கமாக அடுக்கியிருக்கிறது. அந்தக் குச்சிகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நிறமாகத் தெரிகிறது. வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வெறும் பழுப்பு. இருட்டில் வை, அடிக்கடி தொடாதே என்பதுதான் அருங்காட்சியகங்களிலும் இறகுக்கான விதி.

அரிசியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், வண்டு வரும். சீவல் போடலாம், ஆனால் அது பூச்சியை விரட்டும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வாசனையுள்ள தேவதாரு கட்டைக்குத்தான் அந்தப் பெயர். நம் ஊர்ப் பென்சில்களுக்குப் பெரும்பாலும் காஷ்மீர் பாப்லர். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுக்களே இறகையும் தின்னும், இரண்டும் நம் முடி, நகம் போலக் கெரட்டின் என்ற புரதம். இழை மொட்டையாகி மணல் போலத் தூள் கொட்டினால் புழு வந்துவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பையில் காற்றை நீக்கிக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், ஒருநாள் போகட்டும். இல்லாவிட்டால் நீர் கோத்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். தண்டு தடித்திருந்தால் கண்ணுக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு நறுக்குங்கள். செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், உரிக்கும்போது இழையோடு வரும்.

கடை இறகின் அடிக்குச்சியையும் பாருங்கள். ரத்தக் கறை இருந்தால் பிடுங்கியது. ஆண்மயில் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிகிற சமயத்தில், தோகையைத் தானே உதிர்க்கிறது; பிடுங்க வேண்டிய தேவையே இல்லை.

உங்கள் நான்கு வாரக் கணக்குக்கு வருகிறேன். குட்டி வராத நாளிலும் அவள் சீவல் போட்டாள். நீங்கள் விளக்கைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

இன்றைக்கே கணவரைச் சொல்லச் சொல்லுங்கள், “நான்தான் வைத்தேன்” என்று. அழுவாள். பரவாயில்லை. அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பக்கத்துத் தாளில் தனியாக வைக்கட்டும். அதற்கும் சீவல் போடுவாள்.