வேர்டு சமன்பாட்டில் ஒரு பகுதியை மட்டும் நிமிர்த்தி எழுதவோ நிறம் மாற்றவோ முடியுமா?

முடியும். ஒரே ஓர் எழுத்தைக்கூடத் தனியாக மாற்றலாம். இயற்பியல் வினாத்தாள் தட்டச்சு செய்யும் எனக்கு இது அன்றாட வேலை.

ஆல்ட் விசையோடு சமக்குறியைத் தட்டினால் வருகிற பெட்டிக்குள் எல்லாமே கேம்ப்ரியா மேத் எழுத்துருவில்தான் இருக்கும். அங்கே அடிக்கும் ஆங்கில எழுத்தை வேர்டு மாறி என்று எடுத்துக்கொண்டு சாய்த்துவிடும். சைன், காஸ் என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் சார்பு என்று புரிந்துகொண்டு தானே நிமிர்த்தும். ஆனால் நிகர விசைக்கு எஃப் போட்டு, அதன் கீழே சிறியதாக 'நெட்' என்று அடித்துப் பாருங்கள். என், இ, டி என்ற மூன்று மாறிகளைப் பெருக்கிய மாதிரி சாய்ந்து நிற்கும். அந்த மூன்றெழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, மேலே ஈக்வேஷன் பட்டையின் இடப்பக்கம் உள்ள 'நார்மல் டெக்ஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். நிமிர்ந்துவிடும். வேறு எழுத்துரு வேண்டுமென்றாலும் அதற்குப் பிறகுதான் ஏற்கும்.

இதை வெறும் அழகு விஷயமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். சாய்ந்த எம் என்றால் நிறை, நிமிர்ந்த எம் என்றால் மீட்டர். விடையின் அலகு சாய்ந்து கிடந்தால் படிக்கிற பிள்ளை அதையும் ஒரு மாறியாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அலகுகளை நான் ஒன்றுவிடாமல் நிமிர்த்திவிடுவேன்.

வெக்டரைத் தடித்த எழுத்தில் காட்ட கன்ட்ரோலும் பி-யும் போதும், ஆனால் சாய்வு அப்படியே இருக்கும். நிமிர்ந்த தடித்த எழுத்து வேண்டுமானால் முதலில் நார்மல் டெக்ஸ்ட், அப்புறம் தடிப்பு. நிறம் மாற்ற, வழக்கம்போல ஹோம் பட்டையில் உள்ள எழுத்து நிறம்தான். சிக்கல் தேர்ந்தெடுப்பதில் வரும்: மவுஸால் இழுத்தால் சட்டென்று பின்னம் முழுவதும் மாட்டிக்கொள்ளும். தொகுதிக்குள் கர்சரை வைத்து, ஷிஃப்டை அழுத்தியபடி அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாக நகருங்கள். தமிழ்ச் சொல் சேர்க்க வேண்டியிருந்தால் பெட்டிக்கு வெளியே எழுதிவிடுவது நல்லது.

கோப்பைப் பழைய டாக் வடிவில் சேமிக்காதீர்கள். சமன்பாடுகள் படங்களாகிவிடும், பிறகு அந்தக் கோப்பில் இவற்றில் எதுவும் செய்ய முடியாது. டாக்எக்ஸ் என்றே வைத்திருங்கள். பழைய ஈக்வேஷன் எடிட்டர் 3.0-இல் செய்த சமன்பாடுகளுக்கும் இந்த வழிகள் பொருந்தாது. பாதுகாப்புக் குறைபாட்டால் அதை 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. அவற்றைப் புதுப் பெட்டியில் மறுபடி அடித்துவிடுங்கள்.